ஒன்றரை லட்ச ரூபா லேப்டாப் எக்ஸ்போர்ட் பாதியில அணைஞ்சு போகுது, இது நார்மலா?

06.05.2025, இரவு 9.40

மார்ச் கடைசியில வாங்கினது. 1,62,000 ரூபா. 24 கோர் (உள்ள தனித்தனியா கணக்கு போடுற பகுதி) பிராசஸர், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம், செங்கல் சைஸ்ல 330 வாட் அடாப்டர். நான் மதுரையில கல்யாண வீடியோ எடிட் பண்றவன், டாவின்சி ரிசால்வ்ல 4கே வேலை. ஏப்ரல் வரைக்கும் பிரச்சினை இல்ல. இப்போ ஒரு வாரமா எக்ஸ்போர்ட் (எடிட் பண்ணினதை முழு வீடியோவா வெளிய எடுக்குறது) போட்டா பிராசஸர் சூடு 94, 97, 100 டிகிரின்னு ஏறுது, நேத்து ராத்திரி 70 சதவீதத்துல பட்டுனு அணைஞ்சிருச்சு. நீல ஸ்கிரீன் இல்ல, எர்ரர் இல்ல, கரண்ட் போன மாதிரி கறுப்பா போயிருச்சு. இன்னைக்கு மறுபடியும் ரெண்டு தடவை. யாராவது இதே மாதிரி பார்த்திருக்கீங்களா?

06.05.2025, இரவு 11.15

ஒன்றரை மணி நேரத்துல ஒன்பது பதில், அதுல ஏழு பேர் "கேமிங் லேப்டாப்னா சூடாகத்தான் செய்யும், நார்மல் ப்ரோ"ன்னு சொல்லிட்டீங்க. பாதி ஒத்துக்கிறேன். இப்போ வர்ற பிராசஸர் எல்லாம் சூட்டுக்கும் கரண்டுக்கும் எவ்வளவு இடம் இருக்கோ அவ்வளவு வேகமா ஓடுற மாதிரிதான் பண்ணியிருக்காங்க. 100 டிகிரி தொட்டா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். அது சிப்புக்கு உள்ளயே இருக்குற காவல். அதனால 95ன்னு பார்த்ததும் பதற வேண்டாம், சரி.

ஆனா வேகம் குறையுறது வேற, அணைஞ்சு போறது வேற. வேகம் குறைஞ்சா எனக்கு பத்து நிமிஷம் நஷ்டம். அணைஞ்சா மொத்த எக்ஸ்போர்ட்டும் முதல்ல இருந்து. நேத்து போனது ஒரு பொண்ணோட தாலி கட்டுற காட்சி இருக்குற ப்ராஜெக்ட், ஆட்டோ சேவ் இருந்ததால பிழைச்சேன். இதை நார்மல்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல.

07.05.2025, மதியம் 2.30

திருச்சி அண்ணன் (சர்வீஸ் வேலை பார்க்குறவர்) கேட்ட விவரம் எல்லாம் எடுத்துட்டேன். ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு சூட்டை காட்டுற சாஃப்ட்வேர் போட்டு ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை பதிய வெச்சேன்.

என் ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழ. அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சு நாலு நாள் ஆகுது, மதியம் ரூம்ல 36 டிகிரி, தெர்மாமீட்டர் வெச்சுதான் சொல்றேன். ஏசி இல்ல. சும்மா டெஸ்க்டாப் மட்டும் திறந்து வெச்சா 61. எக்ஸ்போர்ட் போட்டு மூணாவது நிமிஷம் 100. விசிறி சத்தம் கீழ் வீட்டு சித்திக்குக் கேட்டு "மேல என்னப்பா ராத்திரியெல்லாம் மாவு ஆட்டுறீங்களா"ன்னு கேட்டாங்க.

அண்ணன் "ஒவ்வொரு கோரையும் தனித்தனியா பாருங்க"ன்னு சொன்னாரு, அப்பதான் கண்ணுல பட்டுச்சு. பெரிய கோர் எட்டு இருக்கு. அதுல 4, 5 ரெண்டும் 100ல நிக்குது. மத்த ஆறும் 80ல இருந்து 84க்குள்ள. ஒரே சிப்பு, ஒரே ஹீட்சிங்க் (சிப்பு சூட்டை இழுத்துக்குற உலோகப் பகுதி), ஒரே விசிறி, ஒரே வேலை. பதினாறு டிகிரிக்கு மேல வித்தியாசம். வெயில்தான் காரணம்னா எல்லாக் கோரும் ஒண்ணாத்தானே ஏறணும்?

07.05.2025, மதியம் 2.50

அண்ணன் பதில்: ஒரே லோடுல கோருக்குக் கோர் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் சகஜம், 15க்கு மேல போனா சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல ஒட்டுதல் சரியில்லன்னு சந்தேகப்படணும். நடுவுல சூட்டை கடத்த பூசுற பேஸ்ட் ஒரு பக்கம் வழிஞ்சிருக்கலாம், இல்ல ஒரு ஸ்க்ரூ சரியா இறுகாம இருக்கலாம். வாரண்டி இருக்கு, நீங்களா திறக்காதீங்கன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு.

09.05.2025, இரவு 10.05

ரெண்டு நாளா நீங்க சொன்னதை எல்லாம் வரிசையா பண்ணிப் பார்த்தேன்.

பின்பக்கம் ரெண்டு இஞ்ச் தூக்கி வெச்சது: 4 டிகிரி குறைஞ்சுது. இதுக்கு காசு செலவழிக்க வேண்டியதில்ல, ரெண்டு பழைய கேசட் டப்பா போதும். காத்து கீழ இருந்துதான் உள்ள போகுது, மேஜைக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல இருக்குற ரப்பர் கால் உயரம் பத்தல.

கூலிங் பேட் (பக்கத்து கடைக்காரர் ஒரு நாளைக்கு கொடுத்தாரு): தூக்கி வெச்சதோட ஒப்பிட்டா இன்னும் 2 டிகிரி. அவ்வளவுதான்.

டேபிள் ஃபேனை பக்கத்துல வெச்சது: கீபோர்டு தொட சில்லுனு இருக்கு, உள்ள சிப்புல ஒரு மாத்தமும் இல்ல.

பிராசஸர் உச்ச அளவை 100ல இருந்து 99 ஆக்குறது: இதுதான் பெரிய அடி. பவர் செட்டிங்ல ஒரே ஒரு சதவீதம் குறைச்சா டர்போ பூஸ்ட் (பிராசஸர் தானா வேகத்தைக் கூட்டிக்கிறது) நின்னு போகும். 100ல இருந்த கோர் 74க்கு வந்துருச்சு, அதுக்கப்புறம் அணையவே இல்ல. 41 நிமிஷத்து எக்ஸ்போர்ட் 58 நிமிஷம் ஆகுது. பரவாயில்லன்னு தோணுது. இதே மாடல் வெச்சிருக்குற சேலம் தம்பி, நீங்களும் இதை வெச்சுப் பாருங்க.

09.05.2025, இரவு 11.50

மேல எழுதினதை படிச்சுட்டு கோயம்புத்தூர் அக்கா கேட்ட கேள்வி மனசுல உறுத்துது. "அந்த டர்போவுக்குத்தானேப்பா ஐம்பதாயிரம் அதிகம் கொடுத்து பெரிய மாடல் வாங்கின, அதை அணைச்சு வெச்சுட்டு பரவாயில்லங்கிற?" சரியான கேள்வி. சேலம் தம்பி, 99 வெக்கிறது அவசரத்துக்கு மட்டும் வெச்சுக்கோங்க, அதோட நிறுத்திக்காதீங்க. 99லயும் அந்த ரெண்டு கோர் மத்ததை விட ஒன்பது பத்து டிகிரி மேலதான் நிக்குது. சூடு குறைஞ்சிருக்கு, கோளாறு அப்படியே இருக்கு.

அண்டர்வோல்ட் (பிராசஸருக்கு போற வோல்டேஜை குறைக்கிறது) பண்ணச் சொன்னவங்களுக்கு: என் மெஷின்ல பயாஸ்ல (ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற அடிப்படை சாஃப்ட்வேர்) அந்த ஆப்ஷனே மூடியிருக்கு. 2019 டிசம்பர்ல ப்ளண்டர்வோல்ட்னு ஒரு ஓட்டையை ஆராய்ச்சிக்காரங்க வெளியிட்டாங்க, வோல்டேஜை வேணும்னே குறைச்சு பிராசஸரை தப்பா கணக்கு போட வெச்சு, பூட்டி வெச்ச தகவலை எடுக்குற வழி. அதுக்கப்புறம் நிறைய லேப்டாப்புல அந்தக் கதவை சாத்திட்டாங்க. பாதுகாப்புக்கு சரி, எங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் கஷ்டம்.

11.05.2025, இரவு 12.20

திண்டுக்கல்ல ரிசப்ஷன் முடிச்சு இப்பதான் வந்தேன். இன்னொரு சம்பவம். காலையில மூடியை சாத்திட்டு பேக்ல போட்டு பஸ் ஏறினேன், மண்டபத்துல போய் பேக்கை திறந்தா உள்ள இருந்து அனல். அடிப்பக்கம் கை வெக்க முடியல. 90 சதவீதம் சார்ஜ் 38க்கு வந்திருக்கு. பக்கத்துல இருந்த ஹார்ட் டிஸ்க் டப்பாவும் சுடுது, அதுல போன வாரத்து கல்யாணம் இருக்கு. ஈரல்குலை நடுங்கிருச்சு எனக்கு. இதுவும் அதே கோளாறுதான்னு நினைக்கிறேன், மூடி வெச்சிருந்தாலும் சூடாகுதுன்னா பெரிய பிரச்சினை.

11.05.2025, காலை 10.10

இல்ல, ராத்திரி எழுதினது தப்பு. ரெண்டும் வேற வேற.

பேக்ல சூடானது மாடர்ன் ஸ்டான்ட்பை. முன்னெல்லாம் மூடியை சாத்தினா லேப்டாப் நிஜமாவே தூங்கும், ராமுக்கு மட்டும் கரண்ட் போகும். இப்போ வர்றதுல ஃபோன் மாதிரி அரைத் தூக்கம். மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். ஏதாவது ஒரு ட்ரைவர் தூங்க விடாம புடிச்சுக்கிட்டா பேக்குக்குள்ள காத்து இல்லாம வேகும். கமாண்ட் ப்ராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி ஸ்லீப்ஸ்டடின்னு அடிச்சா ஒரு ரிப்போர்ட் வரும், எந்த நேரத்துல எது முழிச்சிருந்துச்சு, எவ்வளவு பேட்டரி தின்னுச்சுன்னு எல்லாம் இருக்கும். எனக்கு வைஃபை கார்டு பேர் சிவப்புல இருக்கு.

மூடியை சாத்தினா ஸ்லீப்புக்கு பதிலா ஹைபர்னேட் (வேலையை டிஸ்க்ல சேமிச்சுட்டு முழுசா அணையுறது) ஆகுற மாதிரி மாத்திட்டேன். திறக்கும்போது பதினஞ்சு இருபது செகண்ட் கூட ஆகும். பேக்ல தூக்கிட்டு போற எல்லாரும் இதை இன்னைக்கே பண்ணுங்க, தயவுசெஞ்சு. லித்தியம் பேட்டரிக்கு சூடுதான் முதல் எதிரி.

அழகர் ஆத்துல இறங்குறதால நாளைக்கு லீவு, சர்வீஸ் சென்டர் செவ்வாய்க்கிழமைதான்.

13.05.2025, இரவு 8.30

கோபத்துல எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

காலையில பத்து மணிக்கு போனேன். கண்ணாடிக் கதவு, நல்ல ஏசி, சுவத்துல 22ன்னு காட்டுது. ஒரு பையன் வாங்கி மேஜைல வெச்சு அவங்க டெஸ்ட் ஒண்ணை ஓட்டினாரு. அஞ்சு நிமிஷம். 86 வந்துச்சு. "சார் கோளாறு ஒண்ணும் இல்ல, உங்க வீட்டு சூழ்நிலைதான்"னு பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டாரு. அதுல போட்ட வாசகம், பிரச்சினை கண்டறியப்படவில்லை.

22 டிகிரில 86ன்னா 36 டிகிரில என்ன ஆகும்? வெளிக்காத்து எத்தனை டிகிரி ஏறுதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி உள்ளயும் ஏறும். 14ஐ கூட்டினா நூறு. இவங்க பேப்பர்லயே என் கோளாறு இருக்கு. அதுவும் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. ஹீட்சிங்க் முழுசா சூடேறி நிலைக்கு வர்றதுக்கே பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள அணைச்சா எந்த மெஷினும் நல்ல மெஷின்தான். தனித்தனி கோர் அளவை பாருங்கன்னு கேட்டேன், அவங்க சாஃப்ட்வேர்ல மொத்தமா ஒரே நம்பர்தான் வருமாம்.

இன்னொண்ணு, ஏழு நாள் விட்டுட்டு போங்க, பாஸ்வேர்டு எழுதிக் கொடுங்கன்னாங்க. என் மெஷின்ல இருக்குறது அடுத்தவங்க வீட்டு கல்யாணம், நம்பிக் கொடுத்தது. கொடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு எடுத்துட்டு வந்துட்டேன். சர்வீசுக்கு கொடுக்குறவங்க தனியா ஒரு யூசர் அக்கவுண்ட் போட்டு அதோட பாஸ்வேர்டு மட்டும் கொடுங்க, முடிஞ்சா எஸ்எஸ்டியை (ஃபைல் எல்லாம் இருக்குற டிஸ்க்) கழட்டிக்கிறோம்னு கேளுங்க.

மதுரையில மே மாசம் 36 டிகிரி ரூம்ங்கிறது அதிசயமா? இங்க விக்கிற பொருள் இங்க ஓட வேண்டாமா?

14.05.2025, காலை 7.15

தூக்கம் வரல, அதனால நேத்து எழுதினதை நிதானமா படிச்சுப் பார்த்தேன். அந்தப் பையன் மேல கோபப்பட்டது தப்பு. அவருக்கு கொடுத்த டெஸ்ட் அதுதான், அவரு அதை செஞ்சாரு.

பெங்களூர் நண்பர் ஒருத்தர் "ஃபர்ம்வேர் (மெஷினுக்கு உள்ளயே பதிஞ்சிருக்குற சாஃப்ட்வேர்) அப்டேட்ல சூடு எல்லாம் சரியாகாது, ஏமாத்து வேலை"ன்னு எழுதியிருக்கீங்க. எப்பவும் அப்படி இல்ல. 2018 ஜூலையில வந்த ஐ9 மேக்புக் ப்ரோ ஞாபகம் இருக்கா? ஒரு யூடியூபர் வீடியோ எக்ஸ்போர்ட் போட்டு காட்டினாரு, அடிப்படை வேகத்துக்கும் கீழ போயிருச்சு. அதையே ஃப்ரீசருக்குள்ள வெச்சு ஓட்டினா நேரம் நல்லா குறைஞ்சுது. பத்து நாளைக்குள்ள, ஜூலை 24ன்னு நினைவு, சூட்டை நிர்வகிக்கிற ஃபர்ம்வேர்ல ஒரு டிஜிட்டல் சாவி விட்டுப்போச்சுன்னு ஆப்பிளே ஒத்துக்கிட்டு அப்டேட் விட்டாங்க, வேகம் திரும்ப வந்துச்சு. ஆக சாஃப்ட்வேர் கோளாறும் உண்டு. அதனால நானும் புது பயாஸ் இருக்கான்னு பார்த்தேன், ஏப்ரல்ல வந்தது ஒண்ணு இருந்துச்சு, போட்டேன். விசிறி கொஞ்சம் சீக்கிரமா வேகம் எடுக்குது. 4, 5 கோர் மட்டும் அதே நூறு.

14.05.2025, மாலை 6.40

ஒரு திருத்தம். ஆரம்பத்துல இருந்து "சூட்டுல அணையுது"ன்னே எழுதிட்டு இருக்கேன். விண்டோஸ் நடந்ததை எல்லாம் குறிச்சு வெக்கிற ஈவன்ட் வியூவர்ல பார்த்தா கெர்னல்-பவர் 41ன்னு இருக்கு. நான் அதை ஆதாரமா நினைச்சேன். திருச்சி அண்ணன் சொன்னாரு, 41க்கு அர்த்தம் ஒழுங்கா ஷட் டவுன் ஆகாம நின்னுச்சுங்கிறது மட்டும்தான், எதனாலன்னு அது சொல்லாது. அடாப்டரா இருக்கலாம், மதர்போர்டா இருக்கலாம், கரண்டா இருக்கலாம்.

சரின்னு எலக்ட்ரீஷியன் மாமாவை கூட்டி வந்து சாயந்திரம் சாக்கெட்ல மல்டிமீட்டர் வெச்சோம். 196 வோல்ட். குறைவுதான், ஆனா அடாப்டர்ல 100ல இருந்து 240 வரைன்னு அச்சடிச்சிருக்கு. அவரு வீட்டுல 228, அங்கயும் தூக்கிட்டு போய் ஓட்டினேன், இருபத்தி ரெண்டாவது நிமிஷம் அணைஞ்சுது. ஆக கரண்ட் காரணம் இல்ல.

17.05.2025, மதியம் 1.20

கம்பெனிக்கு எழுத்துல புகார் அனுப்பிட்டேன். ஃபோன்ல பேசினா காத்தோட போகும். என்ன எல்லாம் வெச்சேன்னு சேலம் தம்பி கேட்டதால சொல்றேன்: பில், சீரியல் நம்பர், அவங்க கொடுத்த அந்த 86 பேப்பர், அரை மணி நேர லாக் (சூட்டுப் பதிவு) மூணு நாளைக்கு, ஒவ்வொண்ணுலயும் ரூம் டிகிரி, கோர் 4, 5க்கும் மத்ததுக்கும் உள்ள வித்தியாசம் தனி வரைபடமா, அணையுற நேரத்தை காட்டுற ஒரு வீடியோ. "சூடாகுது"ன்னு ஒரு இடத்துலயும் எழுதல. "ஒரே சிப்பில் கோர்களுக்கிடையே 16 முதல் 19 டிகிரி வித்தியாசம், லோடு இருக்கும்போது தானாக அணைகிறது"ன்னு எழுதினேன். சூடாகுதுன்னு எழுதினா சூழ்நிலைன்னு பதில் வரும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லயும் பதிஞ்சு நம்பர் வாங்கிட்டேன். அதுலயும் வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில இருந்து நடைமுறையில இருக்குற புது சட்டப்படி நாம குடியிருக்குற ஊர்லயே கேஸ் போடலாம், கம்பெனி ஆபீஸ் எங்க இருக்குன்னு தேடி அலைய வேண்டாம். பொருளுக்கு கொடுத்த காசு 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. பிரச்சினை கிளம்பினதுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். இது நிறைய பேருக்கு தெரியல.

17.05.2025, மதியம் 1.35

கோயம்புத்தூர் அக்கா, "இவ்வளவு அலையுறதுக்கு 99லயே ஓட்டிட்டு போயிடலாமே"ன்னு உங்க தம்பி சொன்னாராம். ஒரு வருஷம் ஓட்டலாம். வாரண்டி முடிஞ்ச பதிமூணாவது மாசம்? சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அதுலதான் சிப்புக்கு கீழ இருக்குற சால்டர் விரிசல் விடும். 2008ல என்விடியா தன்னோட சில லேப்டாப் சிப்புகள்ல இந்த மாதிரி பேக்கேஜிங் பலவீனம் இருக்குன்னு சொல்லி 15 கோடி டாலருக்கு மேல ஒதுக்கி வெக்க வேண்டி வந்துச்சு. அது அன்னைக்கு கம்பெனியே ஏத்துக்கிட்டதால சரி. வாரண்டி முடிஞ்சு தனி ஆளா நிக்கும்போது நமக்கு யாரு ஒதுக்குவா?

23.05.2025, இரவு 9.00

வந்தாங்க! வீட்டுக்கே ஆள் அனுப்பினாங்க.

வந்தவர் ஐம்பது வயசு இருக்கும், நல்ல அனுபவசாலி. முதல்ல என் ரூம்ல உக்காந்து வேர்வையை துடைச்சுட்டு, "இங்கயே ஓட்டுங்க தம்பி, அரை மணி நேரம் பார்ப்போம்"னாரு. அந்த ஒரு வார்த்தையிலயே எனக்கு பாதி பாரம் இறங்கிருச்சு. பதினெட்டாவது நிமிஷம் அவரு கண்ணு முன்னாடியே அணைஞ்சுது.

அப்புறம் கீழ் மூடியை கழட்டினாரு. பேட்டரி ஒயரை பிடுங்கினாரு. ஹீட்சிங்க் ஸ்க்ரூவை அதுல போட்டிருக்குற நம்பர் வரிசைக்கு தலைகீழா, ஒவ்வொண்ணா அரைச் சுத்து அரைச் சுத்தா தளர்த்தி, லேசா அசைச்சு தூக்கினாரு. உள்ள பேஸ்ட் இல்ல. லிக்விட் மெட்டல். பாதரசம் மாதிரி பளபளன்னு, முகம் தெரியுது. சிப்புல முக்கால் பங்குக்கு பூசின மாதிரி இருக்கு, ஒரு ஓரம் மட்டும் காஞ்ச சாம்பல் நிறம். அங்க ஒண்ணுமே இல்ல. அந்தப் பக்கத்துல இருந்தது எல்லாம் எதிர் ஓரத்துக்கு ஒதுங்கி குவிஞ்சிருக்கு. சிப்பை சுத்தி ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச் வேலி, அதுல ஒரு மூலை மடங்கியிருக்கு, வேலிக்கு வெளிய கடுகை விட சின்னதா ரெண்டு வெள்ளி மணி. டார்ச்சை சாய்ச்சு பிடிச்சாத்தான் தெரியுது.

அவரு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "இது கரண்ட் கடத்தும் தம்பி, இந்த மணி பக்கத்து பின்ல உக்காந்தா முடிஞ்சுது. நல்லவேளை எழுதிப் போட்டீங்க"ன்னாரு. ஃபோட்டோ எடுத்து அனுப்பி, போர்டும் ஹீட்சிங்கும் சேர்த்து மாத்தணும்னு அவரே எழுதினாரு. இதுல நாம துடைச்சுட்டு சாதா பேஸ்ட் போடலாம்னு நினைக்கிறவங்களுக்கு: காலியம் கலந்த உலோகம் அது, அலுமினியத்தை அரிச்சுரும், ஒரு சொட்டு தெறிச்சா போர்டு போச்சு. திருச்சி அண்ணன் திறக்காதீங்கன்னு சொன்னதுக்கு கோடி நன்றி.

லிக்விட் மெட்டலே மோசம்னு சொல்ல வரல. சூட்டை கடத்துறதுல பேஸ்ட்டை விட பல மடங்கு நல்லது. ஆனா திரவம். பையில நெட்டுக்குத்தா தூக்கிட்டு பஸ்லயும் பைக்லயும் மாசக்கணக்கா குலுங்குற பொருள்ல அதைப் போட்டா வேலி கச்சிதமா இருக்கணும்.

30.05.2025, இரவு 10.45

புது போர்டு வந்து நேத்து மாத்தினாங்க. அதே ப்ராஜெக்ட், அதே ரூம், இன்னைக்கு 35 டிகிரி. டர்போ முழுசா 100 சதவீதம். உச்சம் 91. எட்டு கோரும் 85க்கும் 91க்கும் நடுவுல. எக்ஸ்போர்ட் 37 நிமிஷம், ஏப்ரல்ல இருந்ததை விடவும் குறைவு. அப்படின்னா ஏப்ரல்லயே அது லேசா வழிய ஆரம்பிச்சிருக்கு, எனக்குத்தான் வித்தியாசம் பார்க்க ஒரு அளவு இல்ல. புதுசா வாங்குறவங்க முதல் நாளே ஒரு அரை மணி நேர லாக் எடுத்து பத்திரமா வெச்சுக்கோங்க.

அணைஞ்சதுக்கு அந்த வெள்ளி மணிதான் காரணமா, அந்த ஓரத்து சூடா, ரெண்டுமான்னு வந்தவரும் அடிச்சு சொல்லல. நானும் சொல்ல மாட்டேன்.

22.06.2025, காலை 8.50

மூணு வாரம் ஆச்சு, ஒரு தடவை கூட அணையல. திண்டுக்கல் கல்யாணம் முழுசா முடிச்சு போன வாரம் பென்டிரைவ்ல கொடுத்துட்டேன். சார்ஜ் 80 சதவீதத்தோட நிறுத்துற செட்டிங்கை போட்டு வெச்சிருக்கேன், நாள் முழுக்க ப்ளக்லயே இருக்குறதால.

சேலம் தம்பி, உங்களோடதும் இதே மாடல், நீங்க போட்ட ஸ்கிரீன்ஷாட்ல உச்ச டிகிரி மட்டும்தான் தெரியுது. இன்னைக்கு மதியம் ரூம் நல்லா சூடா இருக்கும்போது அரை மணி நேரம் ஓட்டுங்க, ஒவ்வொரு கோரும் தனியா தெரியுற மாதிரி லாக் ஃபைலை இங்க போடுங்க. இப்போதைக்கு பேக்ல நெட்டுக்குத்தா வெக்காதீங்க. ஃபைல் வந்ததும் நானும் அண்ணனும் உக்காந்து பார்க்குறோம்.